வேளாங்கண்ணிக்கு எப்போது போகலாம்?

செஞ்சி அருகே உள்ள பனமலையில் இருந்து வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறீர்களா? விழுப்புரம் போய் பஸ் மாறுங்கள். பிறகு கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாகப் போகலாம்.

இந்தக் கோவிலை 1962-ம் ஆண்டு போப்பாண்டவர் 23-ம் ஜான் பேராலயமாக உயர்த்தினார். எல்லா மதத்தினரும் இங்கு வருகிறார்கள்.

முதலில் நாளைப் பாருங்கள். ஆகஸ்டு 29-ந் தேதி கொடி ஏறும். செப்டம்பர் 7-ந் தேதி இரவு பெரிய தேர். 8-ந் தேதி மாதா பிறந்த நாள். இந்த 11 நாளும் லட்சக்கணக்கில் மக்கள் கூடுவார்கள்.

வயதான தாயார் அமைதியாகக் கும்பிட வேண்டுமா? விழா முடிந்த பிறகு, ஞாயிறு அல்லாத நாளில் போங்கள்.

தேர்தான் பார்க்க வேண்டுமா? தங்க இடத்தை முன்பே பேசி விடுங்கள். பிள்ளையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். பிரிந்தால் எங்கே நிற்பது என்பதையும் சொல்லி வையுங்கள். கூட்டத்தில் பிள்ளையின் கையை மட்டும் விட்டு விடாதீர்கள்!