தக்காணத்துப் புல்வெளியும் அதன் மண்ணும்

சென்னையிலிருந்து மும்பைக்கு இரயிலிற் செல்லும் நம்மவர் பலர்க்கும் பொதுவானதோர் அநுபவம் உண்டு. கலபுரகியைக் கடந்து, சோலாப்பூர், குருடுவாடி, தௌண்ட் ஆகிய நிலையங்களின் வழியே வண்டி செல்லுகையில், வயல்களுக்கு அப்பால் மரம் அருகிய மேடுகளும் சரிவுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் விரிகின்றன. சித்திரை வைகாசியில் அவை பழுப்பேறிக் கிடக்கும். “எல்லாம் வெறும் பொட்டல்” என்று யாரேனும் ஒருவர் சொல்லுவார். நாமும் ஆமென்று தலையசைத்துவிட்டுச் சன்னலை மூடிவிடுவோம். மராட்டிய நாட்டிற் குடியேறிப் பல்லாண்டு வாழ்ந்த பின்னரும் இந்த எண்ணம் நம்மிற் பலரைவிட்டு நீங்குவதில்லை.

ஆவணி மாதத்தில் அதே மேடுகளின்மீது சற்று நடந்து பார்த்தால் உண்மை விளங்கும். உச்சியில் விளையும் புல் வேறு. சரிவில் விளையும் புல் வேறு. பள்ளத்திலே தழைப்பது வேறு. ஒரு குன்றின் தலையிலும் அடியிலும் பெய்யும் மழை ஒன்றே. அடிக்கும் வெயிலும் ஒன்றே. அவ்வாறிருக்கப் புல் மட்டும் வேறுபடுவானேன்? அதற்கு விடை, நாம் மிதித்து நடக்கும் மண்ணில் இருக்கின்றது.

முதலில் இந்நிலம் உருவான வகையை அறிதல் வேண்டும். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், நிலத்தின் பிளவுகள் வழியாக வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு, அடுக்கின்மேல் அடுக்காகப் பரவி உறைந்தது. அவ்வாறு உறைந்த கரும்பாறைக்குப் பசால்ட் என்று பெயர். அவ்வடுக்குகளிற் சில மிகக் கடினமானவை. சில, குமிழிகள் நிறைந்து எளிதிற் சிதைபவை. மெலிந்த அடுக்குத் தேய, வலிய அடுக்கு நிலைத்து நிற்க, நாளடைவில் நாடு முழுவதும் படிக்கட்டுப் போல் அமைந்துவிட்டது.

இந்தப் படிகளின்மீது மழை தன் வேலையைச் செய்கின்றது. சகியாத்திரி மலை மேகங்களைத் தடுத்து நிறுத்துவதால், மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, கிழக்கேயுள்ள புனேயில் ஏறத்தாழ 700 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகின்றது. அம்மழையும் சில மாதங்களிற் பெய்து ஓய்வது. உச்சியில் பாறை சிதைந்து உண்டாகும் நுண்மண்ணை அது அடித்துக்கொண்டுபோய்ப் பள்ளத்திற் சேர்க்கின்றது. ஆதலால் மேட்டின் தலையில் எஞ்சுவது, மராட்டியர் ‘முரும்’ என்று வழங்கும் சரளைதான். பல இடங்களில் அது ஒரு சாண் ஆழமும் இராது. நடுச்சரிவில் மண் சற்றுக் கனக்கின்றது. அடியிலோ ஆழ்ந்த கரிசல்.

கரிசலின் இயல்பைக் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கங்களிலிருந்து வந்தோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நனைந்தால் அது உப்பிப் பிசுபிசுக்கும். காய்ந்தால் கை நுழையும் அளவு வெடித்துப் பிளக்கும். வெடிக்கும்போது இளமரக் கன்றுகளின் வேர்களை அறுத்துவிடும். கொத்துக் கொத்தாக வேர்விடும் புல்லோ, சில வேர்கள் அறுந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

இனி, உச்சியிலிருந்து கீழ்நோக்கி இறங்கி வருவோம். பாறை வெளித்தெரியும் இடங்களில், கைப்பிடியளவு மண்ணைப் பற்றிக்கொண்டு திரிப்போகன் என்னும் சிறு புல் வாழ்கின்றது. கோடையிற் சருகாய் உலர்ந்து செத்தது போலக் கிடக்கும்; மழை பெய்ததும் உலர்ந்த அந்த இலையே மீண்டும் பச்சையாகிவிடும். அதனை அடுத்த சரளையில் அரிஸ்டிடா முதலிய மெல்லிய புற்கள், மழைக்காலத்திற்குள்ளேயே முளைத்துப் பூத்து விதைத்து மடிகின்றன. நீர் தங்காத மண்ணில் நெடுநாள் வாழ முயல்வது வீண் என்பதை அவை அறிந்தன போலும்!

ஊசிப்புல்லும் மேட்டு நிலத்தது. மராட்டியர் இதனைக் குசள் என்பர். வேட்டியிலும் சேலையிலும் குத்தி ஏறும் இதன் விதையைச் சபிக்காதவர் இலர். அவ்விதையின் வால், ஈரம் பட்டால் முறுக்கு அவிழும். காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். இவ்வாறு சுழன்று சுழன்று விதையைத் துரப்பணம் போல் மண்ணுக்குள் செலுத்திவிடும். உழுவாரில்லாத கடுநிலத்தில் தன்னைத் தானே விதைத்துக்கொள்ளும் உபாயம் இது.

சரளை கலந்த நடுச்சரிவில், பல்லாண்டு வாழும் செஹிமா என்னும் புல் மிகுகின்றது. கீழே சமதளத்துக் கரிசலில் அதன் ஆட்சி குன்றி, மராட்டியர் மார்வேல் என்று போற்றும் டைகாந்தியம் தழைக்கின்றது. கால்நடைகளுக்கு இது மிக உவப்பான தீனி. ஓடைக்கரையில் கோரையும் கருவேல மரங்களும் தோன்றுகின்றன. தபட்காவ், சங்கரநாராயணன் என்னும் இரு அறிஞர்கள் இந்தியாவின் புல்வெளிகளை ஐந்து பெரும் பிரிவுகளாக வகுத்து 1973-இல் நூலாக வெளியிட்டனர். அவற்றுள் தக்காணத்தை உள்ளடக்கிய பிரிவுக்கு இவ்விரு புற்களின் பெயரையே சேர்த்து இட்டனர். முதற்பொருளாகிய நிலத்தை ஒட்டியே மரமும் பூவுமாகிய கருப்பொருள் அமையும் என்று திணை வகுத்த தமிழ் மரபினர்க்கு, இக்கொள்கை புதியதன்று.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பள்ளத்துக் கரிசல் ஈரத்தை நெடுநாள் தேக்கிவைப்பதால், மழைக்குப்பின் விதைத்த சோளம் அவ்வீரத்தைக் கொண்டே விளைந்துவிடும். ஆகவே உழவர்கள் நல்ல மண்ணையெல்லாம் முன்னரே வயலாக்கிக்கொண்டனர். புல்லுக்கு எஞ்சியது பெரும்பாலும் மேட்டுச் சரளையே. இரயிலிலிருந்து நாம் பொட்டலென்று காண்பது, விரிந்திருந்ததொரு புல்வெளியின் எஞ்சிய பகுதிதான்.

அந்த எச்சத்துக்கும் இன்று ஆபத்து உண்டு. மரமில்லாத நிலம் தரிசு நிலம் என்னும் எண்ணத்தால், மழைக்காலந்தோறும் குன்றுகளிற் குழிதோண்டிக் கன்று நடுகின்றனர். நாங்களும் நண்பர்களுடன் புனேக்கு அருகே ஒரு குன்றில் அவ்வாறு நட்டோம். ஒரு சாணுக்குக் கீழே கடப்பாறை ‘ணங்’கென்று பாறையில் மோதியது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், இவ்விடம் புல்லுக்கு உரியது, மரத்தைக் கீழே ஓடைக்கரையில் வையுங்கள் என்று அமைதியாகச் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. அடுத்த வைகாசியில் போய்ப் பார்த்தபோது கன்றுகள் யாவும் பட்டுப்போயிருந்தன. குழி வெட்டிய இடங்களிற் புல்லும் இல்லை, மண்ணும் கரைந்துவிட்டிருந்தது.

கிளிரிசிடியா போன்ற அயல்நாட்டு மரங்கள் சில இடங்களில் வேரூன்றிவிடுவதும் உண்டு. அப்போது நிழல் படிந்து, வெயிலை நாடும் புற்கள் மறைகின்றன. அவற்றை நம்பி வாழும் வெளிமானுக்கும் ஓநாய்க்கும், மழைக்காலத்தில் இம்மேடுகளிலும் கோடையிற் கொங்கணத்திலுமாக ஆடுகளை ஓட்டிச் செல்லும் தனகர் சமூகத்தார்க்கும் இடம் சுருங்குகின்றது. கானமயில் என்னும் பெரும் பறவைக்காகச் சோலாப்பூரை அடுத்த நான்னஜ் பகுதியை உள்ளடக்கி 1979-இல் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது. திறந்த வெளியின்றி வாழவியலாத அப்பறவையை இன்று அங்கே காண்பதே அரிதாகிவிட்டது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல; புல்வெளி குறைந்தது அவற்றுள் முதன்மையானது.

மரம் நடுதல் நற்பணியே, அதில் ஐயமில்லை. ஆனால் நடுமுன் ஒரு சாண் தோண்டிப் பார்த்தல் வேண்டும். ஆழ்ந்த மண்ணாயின் அந்நிலத்துக்குரிய மரத்தை வைப்போம். சரளையும் பாறையுமாயின், அங்கு முன்னரே குடியிருப்பது எது என்று குனிந்து நோக்குவோம். நம்மை ஏற்று வாழ்வளித்த நாட்டின் மொழியை ஓரளவேனும் கற்றுக்கொண்டோம். அதன் மண்ணையும் அவ்வாறே கற்றுக்கொள்ளலாமன்றோ? அடுத்த முறை சோலாப்பூரைக் கடக்கும்போது சன்னலை மூடாதிருப்போம்.