96 குழிகளும் ஒரு ரத்தப் பையும்

2018 டிசம்பர் கடைசி வாரத்தில் சாத்தூர் அரசு மருத்துவமனையைப் பற்றிய செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. ரத்தசோகையோடு வந்த கர்ப்பிணி ஒருவருக்கு அந்த மாதம் 3-ஆம் தேதி ஏற்றிய ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருந்திருக்கிறது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. படித்தவர்கள் எல்லோரும் கேட்டது, ‘சோதிக்காமலா ஏற்றினார்கள்?’ என்றுதான். காரைக்குடியில் ஏதோ ஒரு கல்லூரி முகாமில் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிற நமக்கு, அதற்குப் பிறகு அந்தப் பை என்ன பாடுபடுகிறது என்று தெரிவதில்லை.

வழக்கமான பை ஒன்றில் 350 மில்லி ரத்தம் பிடிக்கும். உறையாமல் இருக்க 49 மில்லி மருந்துநீர் முன்கூட்டியே உள்ளே காத்திருக்கும். 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால் 35 நாள் தாங்கும். ஆனால் ஐந்து சோதனைகளில் தேறாமல் அது வெளியே போகக் கூடாது என்கிறது மருந்து விதிமுறை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலையின் பி வகை, சி வகை, சிபிலிஸ், மலேரியா. இதற்காகப் பையைத் திறப்பதில்லை. ரத்தம் எடுக்கும்போதே கொஞ்சம் தனிக் குழாயில் பிடித்து, பையின் எண்ணையே அதிலும் ஒட்டிவிடுவார்கள்.

எச்.ஐ.வி.யைப் பிடிக்கிற சோதனைகளில் முக்கியமானது எலைசா. 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட உத்தி இது. உள்ளங்கை அகல பிளாஸ்டிக் தட்டு ஒன்றில் வரிசைக்கு 12 வீதம் எட்டு வரிசை, ஆக 96 குழிகள். எறும்புகளுக்குக் குழிப்பணியாரம் சுடுகிற கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு குழியின் அடியிலும் எச்.ஐ.வி. கிருமியின் புரதத் துணுக்குகளைத் தொழிற்சாலையிலேயே ஒட்டி அனுப்பியிருப்பார்கள். தொற்று உள்ளவரின் உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக ‘எதிர்ப்பொருள்’ என்னும் புரதத்தைச் சுரந்து வைத்திருக்கும். அவருடைய ரத்தநீரை இரண்டு சொட்டு விட்டால், எதிர்ப்பொருள் அடியிலிருக்கும் துணுக்கைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பிறகு கழுவ வேண்டும். ஒட்டாதது எல்லாம் போய்விடும்.

ஒட்டியது கண்ணுக்குத் தெரியாதே, என்ன செய்வது? சாமர்த்தியம் இங்கேதான். அந்த எதிர்ப்பொருளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இன்னொரு புரதத்தை ஊற்றுகிறார்கள். அதன் வாலில் ஒரு நொதி, அதாவது வேதிவினையை முடுக்கிவிடும் பொருள், கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இது குதிரை முள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து எடுப்பது! மறுபடியும் கழுவிவிட்டு நிறமில்லாத சாயத்தை விட்டால், நொதி ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சாய மூலக்கூறுகளை நீலமாக்கிவிடும். ஒரு சொட்டு அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகும். நோய் இல்லாதவரின் குழியில் நொதி தங்கியிருக்காது, நிறமும் வராது. ஒவ்வொரு தட்டிலும் நோய் உண்டென்று தெரிந்த மாதிரியும், இல்லையென்று தெரிந்த மாதிரியும் சில குழிகளில் இருக்கும். அவை சொன்னபடி நடக்காவிட்டால் தட்டு முழுவதையும் தள்ளிவிட வேண்டும். சோதனை தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது.

இந்த மஞ்சளுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை, வேலூர் சி.எம்.சி.யில் இதே முறையில்தான் சோதித்தார்கள். ஆறு குழிகள் மஞ்சளாயின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிந்தது.

எலைசாவுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. கிருமி நுழைந்த உடனே எதிர்ப்பொருள் வந்துவிடாது. ஏறக்குறைய மூன்று வாரமாவது ஆகும். இதைச் சாளர காலம் என்கிறார்கள். அதைச் சுருக்கத்தான் ‘நாட்’ சோதனை வந்தது. இது எதிர்ப்பொருளுக்குக் காத்திராமல் கிருமியின் மரபுப்பொருளையே இரட்டிப்பாக்கி, இரட்டிப்பாக்கித் தேடும். முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூறு கோடிக்கு மேலாகிவிடும்! செலவு அதிகம், சாத்தூர் சம்பவத்தின்போது சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை.

சிவகாசியில் சாளர காலத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு எச்.ஐ.வி. இருப்பது 2016-இல் ஒரு முகாமில் கொடுத்த ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தகவல்தான் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் வெளிவந்தன. இரண்டு வருட எதிர்ப்பொருள் சாதாரண எலைசாவில் பளிச்சென்று தெரியும். பிசகியது விஞ்ஞானம் இல்லை, அதைக் கையாண்ட விதம்.

விஷயம் வெளியே வந்த வழியைப் பாருங்கள். எந்த அதிகாரியின் திடீர்ச் சோதனையிலும் இது சிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்காக மருத்துவப் பரிசோதனை செய்துகொண்ட அந்த இளைஞர், முடிவு தெரிந்ததும் தானே ரத்த வங்கிக்குச் சொன்னார். பை எண்ணைப் பதிவேட்டில் தேடிப் பார்த்ததில் அது சாத்தூருக்குப் போயிருந்தது தெரிந்தது. பதிவேடுகளை ஐந்து வருடம் பாதுகாக்கச் சொல்லும் விதி வெறும் சம்பிரதாயம் இல்லை. சொல்ல வேண்டிய கடமை யாருக்கோ இருந்தது, சொன்னவர் அவர். அந்த டிசம்பர் கடைசியில் அவர் இறந்துபோனார்.

பத்திரிகைகளுக்கும் இதில் ஒரு விதி இருந்தது. எச்.ஐ.வி. உள்ளவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற 2017-ஆம் வருடச் சட்டம், மூன்று மாதம் முன்புதான் நடைமுறைக்கு வந்திருந்தது. மருத்துவமனையைப் பேர் சொல்லிக் கேட்கலாம், நோயாளியைப் பேர் சொல்லக் கூடாது. தேசிய மனித உரிமை ஆணையம் செய்திகளை வைத்தே தானாக முன்வந்து மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2019-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

வயிற்றில் இருந்த குழந்தை? மருந்தே இல்லாவிட்டால் தாயிடமிருந்து நூற்றில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தொற்றும். தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்து கொடுத்தால் ஐந்துக்கும் கீழே போய்விடும். ஆனால் பிறந்த குழந்தைக்கு எலைசா உதவாது. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகப் போய், ஒன்றரை வயது வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கும். நோயே இல்லாத குழந்தையின் குழியும் மஞ்சளாகும். அதனால் குதிகாலில் குத்தி, சில துளி ரத்தத்தைத் தடித்த காகிதத்தில் வட்ட வட்டமாக உலர்த்தி, அதில் கிருமியின் மரபுப்பொருள் இருக்கிறதா என்று தேடுவார்கள். 2019 ஜனவரியில் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் பிறந்த அந்தக் குழந்தைக்குத் தொற்று இல்லை என்று சோதனை சொன்னது.