தொலைபேசி வழிக் கணிப்பொறி இணைப்பு: கட்டணம் யாருடையது?

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றை ஒட்டிய கராடி, இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிறைந்த பகுதியாகும். அங்கு கண்ணாடியிழை வழியே இடையறாத இணைப்பு கிடைக்கிறது. நிமிடங்களை எவரும் எண்ணுவதில்லை. 1990களில் நிலைமை வேறு. 1995 ஆகஸ்டு 15இல் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியை அளித்தபோது, மோடம் வழியான தொலைபேசி அழைப்பே பலருக்கும் வாயிலாக அமைந்தது.

அழைப்பவரே கட்டணம் செலுத்த வேண்டும் என்பது தொலைபேசியின் பொது விதி. சதாராவில் உள்ள கள அலுவலர் ஒருவர், புனே அலுவலகத்துக்குத் தம் வீட்டிலிருந்து அறிக்கை அனுப்புவதாகக் கொள்வோம். பணி அலுவலகத்துடையது, எஸ்.டி.டி. கட்டணமோ அவர் கணக்கில் ஏறும். செலவுக்கு அஞ்சி அவர் இணைப்பைத் தள்ளிப்போட்டால், அறிக்கையும் தாமதமாகும்.

திரும்ப அழைக்கும் முறை

இக்குறையைப் போக்கவே திரும்ப அழைக்கும் முறை கையாளப்பட்டது. 1994இல் வெளியான பி.பி.பி. நெறிமுறை விரிவாக்கமும் இதற்கு இடமளித்தது. அலுவலர் அழைத்துத் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தெரிவிப்பார். அலுவலகக் கணிப்பொறி அவற்றைச் சரிபார்த்து, இணைப்பைத் துண்டித்து, அவருக்கெனப் பதிவான எண்ணை அழைக்கும். முதல் அழைப்பின் சிறு கட்டணம் மட்டுமே அலுவலரைச் சாரும், எஞ்சியது அலுவலகத்துடையது. ஐ.எஸ்.டி.என். இணைப்பில் அச்சிறு செலவும் இல்லை. பேச்சு வழியினின்றும் வேறான சைகை வழியில் அழைப்பவர் எண் தெரிந்துவிடுவதால், அழைப்பை ஏற்காமலே திரும்ப அழைக்க இயலும்.

கவனிக்க வேண்டியவை

பயணத்தில் இருப்போர் தாமே எண்ணைக் குறிப்பிட அனுமதிக்கலாம். ஆயினும் பதிவான எண்ணை மட்டும் அழைப்பதே பாதுகாப்பானது. கடவுச்சொல்லைத் திருடியவர் வேறிடத்திலிருந்து நுழைய முடியாது. முதல் அழைப்பு வந்த அதே கம்பியில் திரும்ப அழைத்தலும் தகாது. அந்நியர் கம்பியை விடாது பிடித்துக்கொண்டு, போலி ஒலியால் மோடத்தை ஏமாற்றக்கூடும். எனவே வேறொரு கம்பி வேண்டும்; திரும்ப அழைத்த பின்னும் கடவுச்சொல்லைச் சரிபார்த்தல் வேண்டும்.

செலவை அலுவலகம் ஏற்றதும் வேறொரு இடர் தோன்றும்: பயனாளர் இணைப்பைத் துண்டிக்க மறப்பார். தரவு ஓடாத சில நிமிடங்களில் இணைப்பு தானே அறுமாறு அமைத்தல் இதற்கு மருந்து. ஒவ்வோர் இணைப்பின் பெயர், தொடக்கம், முடிவு ஆகியவற்றைப் பதிவேட்டில் சேர்த்தால், மாத முடிவில் செலவைப் பிரிவுகளுக்கிடையே பயன்பாட்டு நேரப்படி பகிரலாம்.

இக்கேள்வி கணிப்பொறியோடு நிற்கவில்லை. கைபேசியில் வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்தும் வழக்கம் 2003 மே 1 முதல் மாறி, அழைப்பவரே செலுத்தும் முறை வந்தது. மக்களோ ‘மிஸ்டு கால்’ கொடுத்துத் திரும்ப அழைக்கச் செய்யும் உத்தியைத் தாமே கண்டனர். கருவிகள் மாறினும் நெறி ஒன்றே: பணியின் பயன் எவருக்கோ, அதன் செலவும் அவருக்கே உரியது.