வேரும் தாளும் – 9: அண்ணன் 1985, தங்கை 1989

குஷால்நகரில் ஆட்டோ ஏறி பைலகுப்பே என்றால், "எந்த கேம்ப்?" என்றுதான் டிரைவர் கேட்பார். திபெத்திய அகதிகள் இங்கே குடியேறி அறுபது வருடம் தாண்டிவிட்டது. இன்னும் கேம்ப்தான்.

நான் போன வீட்டின் மூத்தவர் மோலா. திபெத்திய மொழியில் மோலா என்றால் பாட்டி. 1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவை விட்டு வெளியேறியதும் ஆயிரக்கணக்கானோர் மலை இறங்கினார்களே, அப்போது அப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டு வந்தவர். வயது ஆறு. பெற்றோர் இமயமலைச் சாலைகளில் கல் உடைத்தார்கள். பிறகு அன்றைய மைசூர் அரசு சுமார் 3,000 ஏக்கர் காட்டைக் குத்தகைக்குத் தந்தது. குடும்பம் இங்கே வந்தது. யானை நடமாடும் காடு. குளிர் மேட்டில் பார்லி விதைத்தவர்கள் வெக்கையில் மக்காச்சோளத்துக்குப் பழகினார்கள்.

மோலாவின் மகன் என்னிடம் தமிழில் பேசினார். "கட்டுப்படியாகாது அண்ணே" என்பதில் ஆரம்பித்துக் கற்ற தமிழ். குளிர்காலம் வந்தால் நம் ஊர்களில் ஸ்வெட்டர் விற்பவர். (திபெத்தில் பின்னியது என்று நம்பி வாங்கியவர்கள் மன்னிக்கவும், சரக்கு லூதியானாவிலிருந்து வருகிறது.)

அவர் பிறந்தது 1985-ல். தங்கை 1989-ல். பெற்றோர் இருவருமே திபெத்தில் பிறந்தவர்கள். நம் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்கு அம்மாவோ அப்பாவோ இந்தியராக இருந்திருக்க வேண்டும். ஆக, ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அண்ணன் இந்தியர், தங்கை அந்நியர். திபெத்தியருக்கும் இச்சட்டம் பொருந்தும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது.

அண்ணனோ இன்றுவரை பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கவில்லை. 2017-ல் அரசு வழிவிட்டபோது, திபெத்திய அகதி என்பதற்கு அரசு தந்த பதிவுச் சான்றிதழை ஒப்படைக்க வேண்டும், திபெத்தியக் குடியிருப்பில் வசிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன. அம்மாவை விட்டு எங்கே போவது? அது மட்டுமில்லை என்றார். "அந்தச் சான்றிதழ்லதான் அண்ணே, திபெத்தியன்னு போட்டிருக்கு. வீட்ல அப்படி ஒரு தாளாவது இருக்கணும்ல?"

தங்கை செவிலியர். வெளிநாடு போக அவருக்கு உள்ளது இந்திய அரசு தரும் மஞ்சள் அட்டை அடையாளச் சான்றிதழ். விமான நிலையத்தில் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்களாம். "கையில கிடைச்சதை வேண்டாங்கறான். எனக்குக் கேட்டாலும் கிடைக்கலை" என்று அவர் கன்னடத்தில் பொரிந்தார். நியாயம் அவர் பக்கம் என்றே எனக்குப் பட்டது.

ஆனால் பச்சைப் புத்தகத்தை எடுத்துக் காட்டியவரும் அவர்தான். தர்மசாலாவில் இயங்கும் மத்திய திபெத்திய நிர்வாகம் தருவது. ஆண்டுதோறும் சந்தா கட்டினால் அதில் பதிவாகும்; அதை வைத்துத்தான் தங்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போடுகிறார்கள். எந்த விமான நிலையத்திலும் செல்லாத புத்தகம். அதில் அவர் ஒரு வருடம்கூட பாக்கி வைக்கவில்லை.

அண்ணன்தான் இரண்டு வருட பாக்கி.

(தொடரும்)