வீட்டுக் கல்வியும் சமயச் சார்பற்ற வரலாற்று நூலும்

வரலாறு கற்பிப்போர்க்கு இரு கடமைகள் உள. முன்னாளில் நிகழ்ந்தது இன்னதென்று கூறுதல் ஒன்று. அது நிகழ்ந்ததென்பதை நாம் எவ்வாறு அறிந்தோம் என்று காட்டுதல் மற்றொன்று. பாடசாலையிற் பயிலும் பிள்ளை இரண்டாவதை ஓர் ஆசிரியரிடம் பெறாவிடினும், அடுத்த வகுப்பில் வேறோர் ஆசிரியரிடமோ, நூல்நிலையத்திலோ, தோழரோடு நிகழும் வாதத்திலோ பெறக்கூடும். வீட்டிலேயே கல்வி பயிலும் பிள்ளைக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. தாயோ தந்தையோதான் அங்கே ஆசிரியர். அவர் தெரிந்தெடுத்த நூலே பாடசாலை. அந்நூல் பிழைபடக் கூறின், அப்பிழையைத் திருத்த வேறொரு குரல் அவ்வீட்டில் எழாது. ஐக்கிய அமெரிக்க நாட்டிற் பிள்ளைகளை வீட்டில் வைத்துக் கற்பிக்கும் பெற்றோர், சமயச் சார்பற்ற வரலாற்றுப் பாடவிதானம் ஒன்றைத் தேடி இடர்ப்படுவதன் காரணம் இதுவே.

அந்நாட்டில் வீட்டுக் கல்வி புதியதன்று. பால்டிமோர் நகரத்துக் கல்வேட் பாடசாலை இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே தன் பாடங்களை அஞ்சல் வழியாக வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கிற்று. அதன் தலைமையாசிரியராயிருந்த வேர்ஜில் ஹில்லியர் 1924 இல் வெளியிட்ட குழந்தைகளுக்கான உலக வரலாற்று நூலை இன்றும் தேடி வாங்குவோர் உளர். எனினும் இக்காலத்து இயக்கம் 1970களில் இரு வேறு ஊற்றுக்களிலிருந்து பிறந்ததாகும். பாடசாலையே பிள்ளையின் இயல்பான அறிவுவேட்கையைக் கெடுக்கின்றது என்று கருதிய ஜோன் ஹோல்ட் என்னும் ஆசிரியர், 1977 இல் இதற்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அரசினர் பாடசாலைகள் கடவுளைக் கைவிட்டன என்று வருந்திய கிறித்தவக் குடும்பங்கள் மற்றோர் ஊற்று. இரண்டாவது ஊற்றே விரைவிற் பேராறாயிற்று. 1993 ஆம் ஆண்டளவில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. 1999 இல் அரசினர் எடுத்த கணக்கின்படி ஏறத்தாழ 850,000 பிள்ளைகள் இவ்வாறு கற்றனர்; 2016 இல் அத்தொகை ஏறத்தாழ பதினேழு இலட்சமாயிற்று. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்று இதனை மேலும் உயர்த்திற்று. அவ்வாறு வந்து சேர்ந்தோருள் சமயக் காரணம் எதுவும் இல்லாதோர் பலர்.

நூல் தெரியும் வேலையிற் சட்டம் பெற்றோர்க்குச் செய்யும் உதவி சிறிது. நியூயோர்க் மாநிலம் ஆண்டுதோறும் ஒரு பாடத்திட்டத்தையும், ஆண்டில் நான்கு அறிக்கைகளையும் கேட்கின்றது. அமெரிக்க வரலாறு கற்பிக்கப்படல் வேண்டுமென்றும் கூறுகின்றது. எந்நூலைக் கொண்டு என்று கூறுவதில்லை. ரெக்சாஸ் மாநிலத்திலோ வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தே விதிக்கப்பட்ட பாடங்கள். வரலாறு என்ற சொல்லே அப்பட்டியலில் இல்லை. ஆகவே பொறுப்பு முழுவதும் பெற்றோரின் மடியில் வந்து விழுகின்றது.

சந்தையும் நீண்ட காலம் ஒரு பக்கமே சாய்ந்திருந்தது. புளோரிடாவின் பென்சகோலா, தென் கரோலினாவின் கிரீன்வில் ஆகிய நகரங்களிலுள்ள கிறித்தவக் கல்வி நிறுவனங்கள் 1970களின் தொடக்கத்திற் பாடநூல் வெளியீட்டில் இறங்கின. கிறித்தவத் தனியார் பாடசாலைகளுக்கென எழுதப்பட்ட அந்நூல்கள் வீடுகளுக்கும் பரவின. ஆசிரியர் பயிற்சி பெறாத ஒரு தாய்க்கு வேண்டிய நாட்பாடம், வினாக்கள், விடைகள், பரீட்சைத் தாள்கள் யாவும் அவற்றில் ஒழுங்காக அமைந்திருந்தன. ஏனையோர் பிற்பட்டே இத்துறைக்கு வந்தனர். ஆதலின் நம்பிக்கையால் அன்றி வசதியால் அந்நூல்களை வாங்கிய குடும்பங்களும் உண்டு. அதிற் குறை காண்பதற்கில்லை.

இத்தகைய நூல்களுட் பல, உலகம் தோன்றி ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்ற கணக்கை அடித்தளமாகக் கொள்கின்றன. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் விவிலியத்து வமிசப் பட்டியல்களைக் கூட்டிக் கணித்த கணக்கு இவ்வகையிற் புகழ்பெற்றது. அதன்படி படைப்பு நிகழ்ந்தது கி.மு. 4004, உலகம் முழுவதையும் மூழ்கடித்த வெள்ளம் கி.மு. 2348 அளவில். எகிப்தின் கீசாவிலுள்ள பெரும் பிரமிட்டோ, குபு மன்னன் காலத்தில், கி.மு. 2560 அளவில் எழுப்பப்பட்டது. அங்ஙனமாயின் வெள்ளம் அதன் மேலாகச் சென்றிருத்தல் வேண்டும். எகிப்திய அரச மரபோ இடையறாது தொடர்கின்றது. இம்முரணை நீக்க அந்நூல்கள் எகிப்தியக் காலக்கணக்கையே சுருக்கிவிடுகின்றன. எரிக்கோவில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் குடியமர்ந்து மதில் எழுப்பியதும், அனத்தோலியாவின் கோபெக்ளி தெப்பேயில் அதனினும் முன்னர்ச் செதுக்கிய கற்றூண்கள் நிறுத்தப்பட்டதும் அக்கணக்கில் இடம்பெற இயலாதன. எனவே, ஒரு நூலின் சார்பை அறிய விரும்புவோர் முகவுரையைப் படித்துக் காலத்தைப் போக்கவேண்டியதில்லை. முதல் இயலிலுள்ள ஆண்டெண்களைப் பார்த்தாற் போதும்.

பிரமிட்டின் காலம் நமக்கு எவ்வாறு தெரியும் என்று பிள்ளை கேட்குமாயின், அதற்கு விடை கூறும் நூலே நல்ல நூல். செங்கடற் கரையில் வாடி அல் ஜார்ப் என்னுமிடத்தில் 2013 இற் கண்டெடுக்கப்பட்ட பப்பைரசுச் சுவடிகளில், மெரர் என்னும் அலுவலர் ஒருவர் தம் படகுக் குழுவினரோடு தூராக் கற்சுரங்கத்திலிருந்து கீசாவிற்குச் சுண்ணாம்புக்கற்களை ஏற்றிச்சென்றதை நாட்குறிப்பாக எழுதிவைத்துள்ளார். எழுத்துப் பொறிக்கப்பட்ட பப்பைரசுக்களுள் இதுகாறும் கிடைத்தவற்றில் மிகப் பழையன அவை. கல் சுமந்த மனிதரின் நாட்கணக்கைக் கண்ட பிள்ளை, வரலாறு எதனால் ஆனது என்பதை அறிந்துகொள்ளும். அதற்கு நெடிய விரிவுரை தேவையில்லை.

சமயச் சார்பின்மை என்ற சொல்லை வழுவாகப் பொருள்கொள்வோரும் உளர். சமயத்தையே வரலாற்றிலிருந்து அகற்றிவிடுதல் என்பது அதன் பொருளன்று. அகற்றின் எஞ்சுவது யாது? கி.பி. 622 இல் முகம்மது நபி மதீனாவிற்குப் பெயர்ந்ததைக் கூறாது அராபியப் பேரரசின் எழுச்சியை விளக்க இயலாது. லூதர் 1517 இல் எழுப்பிய வாதத்தை விடுத்து ஐரோப்பியப் போர்களை விளக்க இயலாது. 1620 இல் மேபிளவர்க் கப்பலில் வந்தோர் ஏன் வந்தனர் என்பதும், மார்ட்டின் லூதர் கிங் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்திற்குத் தேவாலயங்களிலே ஆட்களைத் திரட்டியது எவ்வாறு என்பதும் சமயத்தை ஒதுக்கியோர்க்கு விளங்கா. இவ்வேறுபாட்டை அமெரிக்காவின் மிக உயர்ந்த நீதிமன்றமே 1963 இல் தெளிவாக்கிற்று. அபிங்டன் பாடசாலை வட்டாரத்திற்கும் ஷெம்ப் குடும்பத்தினருக்கும் இடையே எழுந்த வழக்கில், அரசினர் பாடசாலைகளில் வழிபாடாக விவிலியம் ஓதுவித்தல் அரசியல் யாப்பிற்கு முரண் என்று அது தீர்த்தது. அதே தீர்ப்பில், சமயங்களின் வரலாற்றையும் விவிலியத்தின் இலக்கியத் தன்மையையும் நடுநின்று கற்பித்தற்குத் தடையில்லை என்றும் கூறிற்று. அத்தீர்ப்பு வீடுகளைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும் நூல் தெரியும் பெற்றோர்க்கு இதனினும் சிறந்த அளவுகோல் அரிது.

அவ்வளவுகோல் பெரும்பாலும் வினைச்சொல்லிலேயே செயற்படுகின்றது. ‘மோசே செங்கடலைப் பிளந்தார்’ என்பது ஒரு வாக்கியம். ‘மோசே செங்கடலைப் பிளந்தார் என யூதரின் மறைநூல் கூறுகின்றது’ என்பது வேறொரு வாக்கியம். இரண்டாவதை எழுதும் ஆசிரியர் யூதரை இகழ்ந்தாரல்லர்; தாம் எங்கிருந்து பேசுகின்றார் என்பதைப் பிள்ளைக்கு மறையாது கூறினார். இஸ்ரவேல் என்ற பெயரைக் குறிக்கும் மிகப் பழைய எகிப்தியச் சான்று, கி.மு. 1208 அளவில் மெர்னெப்தா மன்னன் நிறுத்திய கல்வெட்டேயாகும். பீட்ரி என்பார் அதனை 1896 இற் கண்டெடுத்தார். அதனையும் உடன் காட்டும் நூல் இன்னும் சிறந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் சூசன் வைஸ் பாவர் எழுதிய நான்கு பாக உலகக் கதை நூல், சமயச் சார்பற்ற குடும்பங்களிற்கூட மிகுதியும் கையாளப்படுகின்றது. அதன் நடை இனிது. சீனமும் ஆபிரிக்காவும் இந்தியாவும் அதில் இடம்பெறுகின்றன. ஆயினும் முதற் பாகத்தில் ஆபிரகாமின் கதையும் மோசேயின் கதையும் அரசர் கதைகளைப்போன்றே நிகழ்ச்சியாகச் சொல்லப்படுவதால், அதனை ஏற்போரும் மறுப்போரும் நெடுங்காலம் வாதிட்டு வருகின்றனர். நூலை முழுதும் தள்ளவேண்டியதில்லை. அவ்வியல்களைப் படிக்கும்போது தாய் இரண்டு சொற்கள் கூட்டிச் சொன்னால் முடிந்தது. ஆனால் அவள் முன்னரே அவற்றைப் படித்திருத்தல் வேண்டும்.

இவ்வளவுகோல் கிறித்தவ நூல்களுக்கு மட்டும் உரியதென்று இந்துக்கள் கருதின் தவறாகும். கலிபோர்னியா மாநிலத்தின் ஆறாம் வகுப்பு நூல்களில் பண்டைய இந்தியாவும் இந்து சமயமும் கூறப்பட்ட முறைபற்றி 2005, 2006 ஆம் ஆண்டுகளிற் பெரும் பூசல் எழுந்தது. சில இந்து அமைப்புக்கள் திருத்தங்கள் பல கோரின. சமயத்தை ஏளனமாகக் காட்டிய பகுதிகளைத் திருத்தக் கேட்டது நியாயமே. ஆயின் ஆரிய மொழியினரின் வருகை, சாதிமுறை, பண்டைக்காலப் பெண்டிர் நிலை என்பவற்றில் அவர் கோரிய மாற்றங்களை வரலாற்றறிஞர் பலர் சான்றில்லை என்று எதிர்த்தனர். தன் சமயத்தார் எழுதிய இனிய பொய்யைத் தன் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஆசை எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவானது.

சமயத்தை வெறுப்போர்க்கும் அவ்வாசை உண்டு. கொலம்பசு 1492 இற் புறப்பட்டபோது உலகம் தட்டையானது என்று திருச்சபையார் தடுத்தனர் என்ற கதை, அறிவுக்கும் சமயத்திற்கும் பகை காட்ட விரும்பிய நூல்களில் அடிக்கடி வருகின்றது. கற்ற ஐரோப்பியர் பூமி உருண்டை என்பதை அறிந்திருந்தனர். எரதோஸ்தனிசு என்னும் கிரேக்கர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அதன் சுற்றளவைக் கணித்தார். கொலம்பசுவோடு எழுந்த வாதம் அச்சுற்றளவைப் பற்றியதே. அதில் அவரை மறுத்தவர்களே சரியாகக் கணித்திருந்தனர். தட்டை உலகக் கதையைப் பரப்பியதில் வாஷிங்டன் இர்விங் என்னும் கதையாசிரியர் 1828 இல் எழுதிய கொலம்பசு வரலாற்றிற்குப் பெரும் பங்குண்டு. இக்கதையை மெய்யெனக் கூறும் நூல், தன் அட்டையிற் சமயச் சார்பற்றது என்று பொறித்திருந்தாலும் நம்பத்தக்கதன்று.

வேறொரு வகை நூலும் உண்டு. யாரையும் புண்படுத்தாது எல்லார்க்கும் விற்கவேண்டி, மனிதனின் தோற்றத்தையும் வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தையும் அறவே விட்டு, சுமேரியரிலிருந்தோ எகிப்தியரிலிருந்தோ தொடங்கும் நூல் அது. அதில் பொய் ஒன்றும் இராது. மனித வாழ்வின் மிகப் பெரும் பகுதியும் இராது. வாய்மூடியிருத்தலை நடுநிலை என்று கொள்வது வணிகர்க்குப் பொருந்தலாம்.

சமயம் இல்லாத இடத்தில் நாட்டையே தெய்வமாக்கும் நூல்கள் மேலும் ஏமாற்ற வல்லன. அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–1865) ஏன் மூண்டது என்ற பக்கத்தைப் பெற்றோர் திறந்து பார்த்தல் நன்று. ‘மாநிலங்களின் உரிமை’ என்று மட்டும் கூறி அடிமை முறையை அருகே ஒதுக்கும் நூல்கள் இன்றும் உள. மிசிசிப்பி மாநிலம் 1861 இற் பிரிந்தபோது வெளியிட்ட பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்ததென்பதைத் தொடக்கத்திலேயே ஒளிவின்றிக் கூறுகின்றது. அப்பிரகடனம் சிறியது, பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை தானே வாசிக்கத்தக்கது. பாடநூலையும் மூல ஆவணத்தையும் அருகருகே வைத்து வாசித்த பிள்ளைக்கு வேறு பயிற்சி எதுவும் அத்துணைப் பயன் தராது. 1838 இற் செரோக்கி மக்கள் தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டமையும், 1942 முதல் யப்பானிய வமிசத்தினர் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டமையும் எத்தனை வரியிற் கூறப்படுகின்றன என்பதும் நோக்கத்தக்கது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் 1993 முதல் வெளியிட்ட ஜோய் ஹாக்கிமின் அமெரிக்க வரலாற்று வரிசை இவற்றிற்கு இடமளிப்பதாற் பல குடும்பங்களில் விரும்பப்படுகின்றது. அது அமெரிக்காவை மட்டுமே கூறுவதால், உலக வரலாற்றிற்கு வேறு நூல் தேடவேண்டும்.

பாடங்களை ஒழுங்குசெய்யும் முறைபற்றிப் பெற்றோர் படும் கவலை அளவிற்கு மிஞ்சியது. பழங்காலம், இடைக்காலம், முற்புதுக்காலம், புதுக்காலம் என நான்காண்டுகளிற் சுற்றி, பின்னர் மீண்டும் அதே சுற்றை ஆழமாகப் பயிலும் முறை பலரால் மேற்கொள்ளப்படுகின்றது. சொந்த ஊரிலிருந்து தொடங்கி நாடு, உலகு என விரியும் முறையும் உண்டு. இரண்டினாலும் பிள்ளைகள் கற்றுள்ளனர். ஒரே நூலை நம்பியிராது, ஒரு நிகழ்ச்சியையாவது இரண்டு நூல்களில் வாசிக்கச் செய்தல் முறையினும் முதன்மையானது. வீட்டில் இல்லாத இரண்டாவது ஆசிரியரின் இடத்தை இரண்டாவது நூல் ஒருவாறு நிரப்பும். பொதுநூல்நிலையங்கள் நிறைந்த அந்நாட்டில் அதற்குப் பொருட்செலவும் பெரிதன்று.

வீட்டிற் பிள்ளைக்கு வரலாறு சொன்னவர்களுள் உலகறிந்த ஒருவர் சவகர்லால் நேரு. 1928 ஆம் ஆண்டு வேனிலில், முசூரியிலிருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு அலகபாத்திலிருந்து அவர் எழுதிய கடிதங்கள், பூமியின் தோற்றத்தையும் பாறைகளையும் பற்றியே தொடங்கின. கல்லும் மலையும் படிக்கத்தக்க புத்தகங்கள் என்றே அவர் கற்பித்தார். பின்னர் 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து எழுதிய உலக வரலாற்றுக் கடிதங்களிற் புத்தரும் இயேசுவும் முகம்மது நபியும் மதிப்போடு கூறப்படுகின்றனர். எவர் சமயமும் மெய்யென நிறுவப்படவுமில்லை, பொய்யென இகழப்படவுமில்லை. எச்.சி. வெல்சு எழுதிய உலக வரலாற்று நூலுக்குத் தாம் பட்ட கடனை அவர் மறைத்தாரல்லர். சிறையில் நூல்நிலையம் இல்லாமையால் நேர்ந்த குறைகளையும் கூறியுள்ளார். 1934 இல் வெளிவந்த அக்கடிதங்களை, 1939 ஆம் ஆண்டுப் பதிப்பிற்காகத் தாமே மீண்டும் படித்துத் திருத்தி, அதற்குள் உலகில் நிகழ்ந்தவற்றைப் பின்னுரையாகச் சேர்த்தார். கடிதங்களை முதலிற் பெற்ற மகளுக்கு அப்போது இருபத்தோராண்டு.