வேலைக்கு நடுவில் மட்டும் சூடேறும் பழைய டிராக்டர்: கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

தினமும் சூடேறும் டிராக்டரில் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, மூன்றாம் நாள் உழவின் நடுவில் முள் சிவப்புக்குப் போகும் டிராக்டர்தான் பெரிய தலைவலி. மெக்கானிக் வந்து ஸ்டார்ட் செய்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். எதற்கும் ரேடியேட்டரை மாற்றிவிடலாம் என்று பேச்சு போகும்.

எங்கள் வீட்டுப் பழைய டிராக்டரில் இதையெல்லாம் செய்து பார்த்தோம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், புது வாட்டர் பம்ப் போட்டோம். சேற்றுழவில் மறுபடியும் சூடேறியது. கடைசியில் கோளாறு ரேடியேட்டரின் அடியில் இருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ் பைப்பில் இருந்தது. பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிட்டதால், ரேஸ் கொடுத்தவுடன் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டு தண்ணீரை அடைத்தது. மெதுவாக ஓடும்போது பைப் பழையபடி விரிந்துவிடும். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தவர்கள் கண்ணில் அது படாததற்குக் காரணம் இதுதான். இந்தப் பைப்புக்குள் கம்பிச்சுருள் இருக்கும் மாடல்களில், பழைய பைப்பை மாற்றும்போது சுருளைப் போட மறந்துவிடுவதும் உண்டு.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன், எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனியுங்கள். எந்தக் கருவி மாட்டியிருந்தது, எந்த கியர், எத்தனை நிமிடம் கழித்து, அன்று காலை தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று நான்கைந்து முறை எழுதி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கதிரடிக்கும்போதோ வைக்கோல் கட்டும்போதோ மட்டும் சூடேறினால், முதலில் ரேடியேட்டரின் முன்பக்க வலையைப் பாருங்கள். விசிறி இழுக்கும் காற்றோடு தூசும் சுங்கும் வந்து இதழ்களுக்கு நடுவே அடைந்துகொள்ளும். ஓரிடத்தில் நின்றபடி கதிரடிக்கும் வண்டிக்கு எதிர்க்காற்றும் கிடையாது. கம்ப்ரசர் காற்றை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடிக்க வேண்டும்; முன்னால் இருந்து அடித்தால் தூசு இன்னும் உள்ளே போய் இறுகும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய இதழ்கள் மடங்கிவிடும். (ஏர்கூல்டு இன்ஜின் என்றால் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றியுள்ள இதழ்களையும் காற்று வரும் வழியையும் இதேபோல் சுத்தம் செய்யுங்கள்.)

ரோட்டவேட்டர், லோடு டிரெய்லர் போன்ற பாரமான வேலையில் மட்டும் சூடேறினால் கீழ் ஹோஸ் பைப்போடு ஃபேன் பெல்ட்டையும் பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கலாம். அதற்குமேல் தொய்ந்திருந்தாலோ, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போலப் பளபளத்தாலோ பாரத்தில் வழுக்கும்.

போர் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய வண்டிகளில் உள்ளே உப்பு படிந்திருக்கும். இந்தப் படிவம் இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். வேலை முடிந்து இன்ஜினை நிறுத்திய பின், கை சுடாத அளவுக்கு ஆறியதும் ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மற்ற இடம் சூடாக இருக்க, ஒரு பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. இப்போதுதான் ரேடியேட்டர் செலவு நியாயம்.

பலரும் கவனிக்காத பாகம் ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி அல்ல, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. அரை கிலோ அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் தண்ணீர் சுமார் 110 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. வாஷர் வெடித்திருந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே தள்ளும். தண்ணீர் குறைந்து, அடுத்த நாள் சூடேறும். வண்டி ஆறிய பின் மேல் ஹோஸ் பைப் சப்பையாக ஒட்டியிருந்தாலும் மூடியில்தான் கோளாறு. மூடியின் மேலே எண் அச்சிட்டிருக்கும். அதே எண் உள்ளதையே வாங்குங்கள்.

தெர்மோஸ்டாட் சில நேரம் திறந்து சில நேரம் மாட்டிக்கொள்ளும். சோதனை வீட்டு அடுப்பிலேயே செய்யலாம். பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். பல இன்ஜின்களில் அது 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்கத் தொடங்கும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் மாற்றுங்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்வார்கள். கேட்காதீர்கள். சில இன்ஜின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பி, பாரத்தில் இன்னும் சூடேறும்.

முள் ஒரே நொடியில் சிவப்புக்குத் தாவித் திரும்பினால், அது சூடு அல்ல; தண்ணீர் அவ்வளவு வேகமாகச் சூடாகாது. சென்சார் ஒயரைப் பாருங்கள். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் குறைவாகக் காட்டலாம். முள்ளை மட்டும் நம்பாமல் தினமும் காலையில், ஆறிய வண்டியில் தண்ணீர் அளவைப் பார்ப்பது இதற்காகத்தான்.

வெளியே ஒழுகல் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். முழுதாக ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்து, ரேஸ் கொடுத்தால் அதிகமானால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் வருகிறது என்று பொருள். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அதன்பின் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

வயலில் சூடேறிவிட்டால் கருவியைத் தூக்கி, பி.டி.ஓ.வை விடுவித்து, இன்ஜினைச் சற்று நேரம் பாரமில்லாமல் ஓடவிடுங்கள். ஆவி பீறிட்டாலோ தண்ணீர் வெளியேறியிருந்தாலோ உடனே நிறுத்துங்கள். அரை மணி நேரமாவது ஆறாமல் மூடியைத் தொடக்கூடாது. பிறகு கனமான சாக்கை மூடிமேல் போட்டு, முதல் பிடி வரை மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். கொதிக்கும் இன்ஜினில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் ஹெட் வெடித்துவிடலாம். ஆறிய பின்னும் இன்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே சரி.