ஊர் ஜெயித்தால் ரேடியோ பேசும்!

கை பீடி சுற்றும். காது ரேடியோ கேட்கும்!

தென்காசி மாவட்டத்துக் கீழப்பாவூர்த் திண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மடியிலே பீடித் தட்டு. ஒரு பக்கம் வெட்டிய இலை, மறு பக்கம் தூள். விரல்கள் தாமாக ஓடிக்கொண்டே இருக்கும். பதினாறு கை நரசிம்மருக்குப் பேர்போன ஊர் இது. பீடி சுற்றும் பெண்களுக்கோ இரண்டே கை, இரண்டுக்கும் வேலை! ஆகவே சினிமாப் பாட்டானாலும், செய்தியானாலும், கிரிக்கெட் பந்தயமானாலும் காது வழியாகத்தான் வரவேண்டும்.

முன்பு வால்வு ரேடியோ. பிறகு டிரான்சிஸ்டர். இன்று கைபேசி. பெட்டிதான் மாறியது, கேட்கும் பழக்கம் மாறவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? சில வருஷங்களில் தேநீர்க் கடை, பஸ் நிறுத்தம், சந்தை எங்கு போனாலும் விளையாட்டுப் பேச்சுதான். சில வருஷங்களில் மூச்சுப் பேச்சு இல்லை. ஆட்டம் என்னவோ இரண்டு வருஷமும் நடந்துகொண்டுதான் இருந்தது. பேச்சு மட்டும் எங்கே போயிற்று?

நம் கோஷ்டி ஜெயித்தால் பேச்சு. தோற்றால் மௌனம். இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். பாதி உண்மைதான். மற்றப் பாதி கொஞ்சம் வேடிக்கையானது.

அமெரிக்காவில் ஓர் அதிசயம்

ஒரு ரேடியோ நிலையம். பாட்டு கிடையாது, நாடகம் கிடையாது. காலை முதல் மறுநாள் காலைவரை விளையாட்டைப் பற்றியே பேச்சு! கேட்பவர்கள் டெலிபோனில் கூப்பிட்டுத் தங்கள் ஊர் ஆட்டக்காரர்களைப் புகழலாம், திட்டலாம். நிலையத்தார் பதிலுக்குப் பேசுவார்கள், சமயத்தில் சண்டையும் போடுவார்கள்!

நியூயார்க் நகரில் 1987 ஜூலை 1-ந் தேதி இப்படி ஒரு நிலையம் பிறந்தது. டபிள்யூ.எப்.ஏ.என். என்று பெயர். இருபத்துநாலு மணி நேரமும் விளையாட்டைப் பேசிப் பிழைக்க முடியுமா என்று பலர் சிரித்தார்கள். ஆனால் பிறந்த நேரம் நல்ல நேரம். அதற்கு முந்திய வருஷம், 1986-ல், அந்த ஊர் ‘மெட்ஸ்’ கோஷ்டி பேஸ்பால் ஆட்டத்தில் தேசத்துக்கே முதலாவதாக வந்திருந்தது. மெட்ஸ் பந்தயங்களை ஒலிபரப்பும் உரிமையும் அந்த நிலையத்திடமே இருந்தது. ஜெயித்த கோஷ்டியின் பேச்சைக் கேட்க ஆள் இல்லாமலா போகும்?

இதோடு நின்றால் கதை சுலபம். பிலடெல்பியா என்று இன்னொரு நகரம் இருக்கிறதே, அங்கேதான் சிக்கல்! அந்த ஊர்க் கூடைப்பந்துக் கோஷ்டி 1983-ல் பட்டம் வென்றது. பிறகு 2008-ல் பேஸ்பால் கோஷ்டி வெல்லும் வரை, இருபத்தைந்து வருஷம் அந்த ஊரின் பெரிய கோஷ்டிகள் நான்குக்கும் ஒரு பட்டமும் இல்லை. ஆனால் அந்த ஊரின் விளையாட்டு ரேடியோவான டபிள்யூ.ஐ.பி. வளர்ந்ததே இந்த வறட்சிக் காலத்தில்தான்! ஜனங்கள் கோபத்தோடு டெலிபோனைச் சுழற்றினார்கள். திட்டித் தீர்த்தார்கள். திட்டுவதைக் கேட்க மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஜெயித்தாலும் வியாபாரம், தோற்றாலும் வியாபாரம். ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று ஊர் நினைக்க ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்து. அன்றைக்குக் கடையை மூட வேண்டியதுதான்!

சேப்பாக்கத்துக் குரல்

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் 1938-ல் வானொலி நிலையம் வந்தது. திருநெல்வேலிக்கு 1963-ல் வந்தது. கீழப்பாவூரிலிருந்து சேப்பாக்கம் மைதானம் அறுநூறு கிலோ மீட்டருக்கு மேல். போய்ப் பார்க்கக் கூடியவர் எத்தனை பேர்? கிராமத்துக்குக் கிரிக்கெட் என்றால் குரல்தான். பந்து எங்கே விழுந்தது என்று அந்தக் குரல் சொன்னால் அங்கேதான் விழுந்தது!

ஆரம்பத்தில் குரல் இங்கிலீஷில் வந்தது. அந்தக் குரல்களில் ஒருவர் பாலு அழகண்ணன். இவரைச் சும்மா விட்டுவிட முடியாது. மாகாணங்களுக்கிடையே நடக்கும் ரஞ்சிக் கோப்பைப் பந்தயத்தில் சென்னைக் கோஷ்டி முதன்முதலாக ஜெயித்தது 1955-ல். இந்தூருக்கே போய் ஹோல்கார் கோஷ்டியை 46 ரன்களில் வீழ்த்தியது. அன்றைய காப்டன் இதே பாலு அழகண்ணன்தான்! ஜெயித்துக் காட்டியவரே பின்னால் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசினார். வேறு சிபாரிசு எதற்கு?

பிறகு தமிழ் வர்ணனை வந்தது. சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி—இந்தப் பெயர்களைக் கேட்டால் இன்றும் ஐம்பது வயதுக்காரர்கள் முகம் மலரும். ‘ரன்’ ஓட்டம் ஆயிற்று. ‘பவுண்டரி’ எல்லைக் கோட்டைத் தாண்டியது. இங்கிலீஷ் தெரியாத அத்தைக்கும் கிரிக்கெட் புரிந்தது. கூத்தபிரான் 2014-லும், ஜப்பார் 2020-லும் மறைந்தார்கள்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தத் தமிழ்க் குரல் பெரும்பாலும் சேப்பாக்கத்தில் பந்தயம் நடக்கும்போதுதான் ஒலித்தது. ஆனால் அது அரசாங்க நிலையம். கேட்பவர் குறைந்தால் விளம்பரக்காரர் ஓடிவிடுவாரே என்ற கவலை அதற்கு அவ்வளவாக இல்லை. நம் கோஷ்டி தோற்றுக்கொண்டிருந்தாலும் ஐந்தாம் நாள் கடைசிப் பந்து வரை நிதானமாகச் சொல்லிக்கொண்டே போகும். அந்த நிதானத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

1988-ல் தமிழ்நாடு மறுபடி ரஞ்சிக் கோப்பையை ஜெயித்தது. வாசுதேவன் காப்டன். சேப்பாக்கத்திலேயே ரெயில்வே கோஷ்டிக்கு இன்னிங்ஸ் தோல்வி! அதற்குப் பிறகு ஆறு தடவை இறுதிப் பந்தயம் வரை போய், ஆறு தடவையும் தோல்வி. கடைசியாக 2015-ல் கர்நாடகத்திடம்.

சரி, ஆறு தோல்விக்கு எத்தனை பேர் கோபப்பட்டார்கள்? தேநீர்க் கடையில் எவராவது கிளாஸை மேஜையில் தட்டினார்களா? இல்லை! தோற்றது தெரிந்தால் அல்லவா கோபம் வரும்? இதுதான் பிலடெல்பியாவுக்கும் நமக்கும் வித்தியாசம்.

மஞ்சள் சட்டைக் காலம்

அப்படியானால் நம் ஜனங்களுக்குத் திட்டத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! சென்னை சூப்பர் கிங்ஸ் ஒரு பந்தயம் தோற்கட்டும், பார்க்கலாம்.

2008-ல் பிறந்த இந்தக் கோஷ்டி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து வருஷங்களில் பட்டம் வென்றது. நடுவே சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 இரண்டு வருஷம் தடை. திரும்பி வந்த முதல் வருஷமே பட்டம்! அதற்குள் 2017-ல் தமிழுக்கென்று விளையாட்டு டெலிவிஷன் வந்திருந்தது. ரேடியோவில் பேசிப் பேர் வாங்கிய ஆர்.ஜே. பாலாஜி போன்றவர்கள் அங்கே வர்ணனைக்கு உட்கார்ந்தார்கள். பழைய ஜப்பார் வர்ணனை கோயில் கச்சேரி என்றால், இது கல்யாண வீட்டு அரட்டை. இரண்டும் வேண்டியதுதான், ஆனால் அரட்டையில் ஸ்கோரைத் தேட வேண்டியிருக்கிறது!

பிறகு 2025 வந்தது. பதினாலு ஆட்டத்தில் நாலே வெற்றி. பத்துக் கோஷ்டிகளில் பத்தாவது இடம். இதற்கு முன் கடைசி இடத்தை அது கண்டதே இல்லை.

அந்த வருஷம் ஏப்ரலில் ஒரு சம்பவம் நடந்தது. ஆட்டக்காரர் அஸ்வின் பெயரில் யூடியூபில் ஒரு சேனல் உண்டு. கிரிக்கெட்டை அலசுவார்கள். நமக்கு அமெரிக்க மாதிரி விளையாட்டு ரேடியோ இல்லாத குறையை ஏறக்குறைய தீர்த்து வைத்தது இந்த மாதிரிச் சேனல்கள்தான். அதில் பங்கெடுத்த ஒருவர், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது நூர் அகமது என்னும் ஆப்கானிஸ்தான் பந்துவீச்சாளர் எதற்கு என்ற பொருளில் பேசிவிட்டார். அஸ்வினோ அப்போது அதே சென்னைக் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தார்! கேட்க வேண்டுமா? ரசிகர்கள் கொதித்தார்கள். அந்த வருஷம் முடியும் வரை சென்னைப் பந்தயங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று சேனல் அறிவித்துவிட்டது. அந்த வருஷம் சென்னைக் கோஷ்டியில் அதிக விக்கெட் எடுத்தவர் அதே நூர் அகமது என்பது தனி வேடிக்கை.

கோஷ்டி ஜெயித்துக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சு காற்றோடு போயிருக்கும் என்பது நம் அபிப்பிராயம். தோற்கிற நேரத்தில்தான் எல்லார் வாயும் எல்லாருக்கும் குற்றமாகத் தெரிகிறது. ஆனால் ஏன் தோற்கிறது என்று கேட்பவனுக்குச் சொல்ல வேண்டிய நேரமும் அதுதானே? மைதானத்தைப் பார்க்க முடியாமல் காதை மட்டும் நம்பியிருப்பவனுக்கு, பேச வேண்டிய ஆளே வாயை மூடிக்கொண்டால் என்ன வழி? ஆட்டக்காரரும் அவரே, விமரிசனமும் அவர் வீட்டிலேயே என்றால் இந்தத் தர்மசங்கடம் வரத்தான் செய்யும்.

தனியார் எப்.எம். நிலையங்கள் செய்யலாமே என்று கேட்கலாம். 2011-ல் வந்த அரசாங்க விதிப்படி அவை விளையாட்டுத் தகவல் சொல்லலாம். பெரிய பந்தயங்களை நேரடியாக ஒலிபரப்பக் கூடாது. உள்ளூர்ப் பந்தயங்களுக்கு மட்டும் நேரடி வர்ணனை தர இடம் உண்டு. நல்ல சலுகை! ஆனால் உள்ளூர்க் கோஷ்டி தோற்றால் விளம்பரம் யார் கொடுப்பார்?

நெல்லைச் சீமைக்கே ஒரு கோஷ்டி கிடைத்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக் பந்தயத்தில் ‘நெல்லை ராயல் கிங்ஸ்’. 2023-ல் இறுதிப் பந்தயத்துக்கே வந்துவிட்டது. பந்தயம் எங்கே? திருநெல்வேலி சங்கர் நகரில்! கீழப்பாவூர்க்காரர் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோயம்புத்தூர்க் கோஷ்டி 205 ரன் அடித்தது. நெல்லைக் கோஷ்டி 101-ல் சுருண்டது. சொந்த மண்ணில் 104 ரன் வித்தியாசத்தில் தோல்வி!

தோல்வியைச் சமாளிப்பதில் கெட்டிக்காரர்கள் வேறு இருக்கிறார்கள். கிராமத்துக் கபடிப் பந்தயங்களில் மைக் பிடிக்கிறவர்கள்! குழல் விளக்கு வெளிச்சத்தில் விடிய விடியப் பந்தயம். ஊர்க் கோஷ்டி களத்தில் நிற்கும் வரை கூட்டம் கயிற்றை முட்டும். அது தோற்றதோ இல்லையோ, ஜனங்கள் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதர் மேடையில் கொட்டாவி விடுவார். மைக்காரர் அசர மாட்டார். எதிர்க் கோஷ்டியில் பாடிப் போகும் பையனைக் காட்டி, “இந்தத் தம்பிக்குப் பெண் கொடுத்த ஊரே நம்ம ஊருதான்!” என்று ஒரு போடு போடுவார்.

எழுந்தவர்களில் பாதிப்பேர் உட்கார்ந்துவிடுவார்கள்.